பழைய மடிக்கணினிகளின் கிராபிக்ஸ் டிரைவர்களை உங்கள் தளத்திலிருந்து நீக்காதீர்கள்

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்களில் டிரைவர்களுக்கும் வாடிக்கையாளர் உதவிக்கும் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மடிக்கணினியை முன்வைத்து இந்த மடலை எழுதுகிறேன். விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் தேய்ந்துவிட்டன, பேட்டரியை ஒருமுறை மாற்றியாயிற்று. மற்றபடி பிள்ளைகளின் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும், தொலைவில் இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் அது இன்றும் போதுமானதாகவே இருக்கிறது. அதைப் பாடாய்ப் படுத்துவது, திரைக்குப் படம் உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் ஒன்றுதான். சரிசெய்வேன், சில வாரங்கள் நன்றாக இருக்கும், பிறகு அதே கோளாறு திரும்பிவிடும். ஓராண்டு இப்படிப் போராடிய பிறகுதான், இதில் பெரும்பகுதி கணினியின் வயதால் வந்ததில்லை, உங்களிடம் இருக்கும் ஒரு கோப்பு எங்களுக்குக் கிடைக்காததால் வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

கோளாறு எப்படி வரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கறுத்து, இரண்டொரு நொடியில் திரும்ப வரும். டிஸ்ப்ளே டிரைவர் இயங்காமல் நின்று மீண்டுவிட்டதாக ஓர் அறிவிப்பு மூலையில் எழும். விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிவுசெய்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு இது. கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்த வேலை இரண்டு நொடிக்குள் முடியாமலும், அதை இடையில் நிறுத்தவும் முடியாமலும் போனால், கணினி முழுவதும் உறைந்துபோகாதபடி விண்டோஸ் அந்த டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கிவைக்கிறது. ஆகவே அந்த அறிவிப்பு காய்ச்சலைப் போன்றது. நோய் வேறெங்கோ இருக்கிறது. எங்கள் கணினியில் அது முற்றியபோது கணினியின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 43 என்ற பிழை எண்ணும் வந்தன. அதன்பின் விண்டோஸ் தன் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவருக்கு மாறிக்கொண்டது. ஐகான்கள் எல்லாம் பெரிதாகிவிட்டன, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை, வெளி மானிட்டரில் படமே வரவில்லை.

பழைய கணினி என்றவுடன் வன்பொருள் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. அப்படிச் சொல்வதில் ஓரளவு நியாயமும் உண்டு என்பதால் அதைத்தான் முதலில் சோதித்தேன். பின்மூடியைக் கழற்றி, விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டுபோல் படிந்திருந்த தூசியை எடுத்தேன். சிப்பின்மேல் காய்ந்து வெடித்திருந்த, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் திரை கறுப்பது நிற்கவில்லை. அடுத்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் பயாஸ் திரையில் நெடுநேரம் விட்டுப் பார்த்தேன். சிப்போ அதன் நினைவகமோ பழுதாகியிருந்தால் கோடுகளும் நிறப்புள்ளிகளும் அங்கேயே தெரிய வாய்ப்பு அதிகம். அந்தத் திரை கடைசிவரை சுத்தமாக இருந்தது. அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் ஒரு மாலை முழுவதும் வேலை செய்தபோதும் ஒரு சிமிட்டல்கூட இல்லை. அதன் பிறகுதான் டிரைவர்மேல் என் சந்தேகம் உறுதிப்பட்டது.

இந்தத் தேடலில் பல நாளை வீணாக்கிய ஒரு சிறு விஷயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். டிரைவரை மாற்றிய ஒவ்வொரு முறையும் கணினியை ஷட்டவுன் செய்துவிட்டுத் திரும்ப ஆன் செய்து சோதித்து வந்தேன். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினிகளில், ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எழுப்பப்படுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். உங்கள் உதவிப் பிரிவில் நான் பேசிய யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எந்த மாற்றம் பலன் தந்தது, எது தரவில்லை என்று இரண்டு மாதம் குழம்பியிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில், திரை கறுத்த நாட்களை ஒரு பத்தியிலும் அப்டேட் நிறுவப்பட்ட நாட்களை அடுத்த பத்தியிலும் எழுதி வந்தேன். மூன்றாவது முறை கோளாறு திரும்பியபோது இரண்டு பத்திகளும் பொருந்தின. நான் தேடிப்பிடித்து நிறுவிய டிரைவருக்குப் பதிலாக, பிந்திய தேதியுள்ள வேறொரு டிரைவர் தானாக வந்து உட்கார்ந்த மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தது. விண்டோஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது சாதனத்தின் அடையாள எண் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று பார்க்கிறது. பொருத்தம் சமமாக இருந்தால் தேதி புதியதே வெல்கிறது. அந்த எண்ணை டிவைஸ் மேனேஜரில் யாரும் பார்க்கலாம். முதலில் சிப் யாருடையது என்பது இருக்கும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. அடுத்து எந்தச் சிப் என்பது. அதன் பிறகு வரும் எட்டு இலக்கங்களில்தான், அந்தச் சிப்பை எந்த நிறுவனம் எந்த மாடலில் பொருத்தியது என்ற விவரம், அதாவது உங்கள் கையொப்பம், இருக்கிறது. உங்கள் கையொப்பத்துக்கென்றே நீங்கள் சோதித்து வெளியிட்ட டிரைவரும் எல்லா மாடல்களுக்கும் பொதுவாக வெளிவந்த டிரைவரும் ஒன்றல்ல.

எங்களுடையதைப் போன்ற இரண்டு சிப் கணினிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஒரு சிப் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, மற்றொன்று தனியாக இருக்கிறது. கனமான படவேலையைத் தனிச் சிப் செய்து முடித்தாலும், மடிக்கணினியின் திரையோடு கம்பியால் இணைக்கப்பட்டிருப்பது உள்சிப்தான் என்பதால், உருவான படம் அதன் வழியாகவே திரைக்குப் போகிறது. இந்தக் கைமாற்றம் ஒழுங்காக நடக்க இரு டிரைவர்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். விற்பனைக்கு அனுப்புவதற்கு முன் அந்த இரண்டையும் இணையாகச் சோதித்தவர்கள் நீங்கள். அவற்றில் ஒன்று மட்டும் பின்னாளில் தனியே புதுப்பிக்கப்பட்டால், எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்ற விவரம் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

அந்த விவரத்தைத் தேடித்தான் எங்கள் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனேன். மாடல் எண்ணைக் கொடுத்தால் பக்கம் திறந்தது. கையேடு இருந்தது, பயாஸ் கோப்பு ஒன்று இருந்தது, ஆனால் டிரைவர்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சிப் நிறுவனத்தின் பொது டிரைவரை நிறுவிப் பார்த்தபோது, இது இந்தக் கணினிக்கு உறுதி செய்யப்பட்டதல்ல, கணினி தயாரிப்பாளரிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்ற செய்தியோடு நின்றுவிட்டது. தயாரிப்பாளரைக் கேட்டால் சிப் நிறுவனத்திடம் போகச் சொன்னார்கள். இன்டெல் 2020 இல் இந்தத் தடையைத் தளர்த்தி, தன் பொது டிரைவரை உங்கள் மாடல்களிலும் நேராக நிறுவ வழி செய்தது; ஆனால் அந்த டிரைவர்கள் 6 ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்றும் உங்கள் பக்கம்தான் கதி.

இறுதியில் எனக்கு வழி கிடைத்தது தற்செயலாகத்தான். அதே மாடலை வாங்கி, பெரும்பாலும் இணையத்தில் இணைக்காமலே வைத்திருந்த உறவினர் ஒருவர் இருந்தார். அவருடைய கணினியிலிருந்து இரு சிப்புகளின் டிரைவர்களையும் விண்டோஸிலேயே உள்ள கட்டளையால் பென் டிரைவில் எடுத்துவந்தேன். எங்கள் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, இருந்த டிரைவர்களைச் சேஃப் மோடில் முழுமையாக நீக்கி, எடுத்துவந்த இரண்டையும் நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, டிரைவர்கள் தானாக மாறாதபடி அமைப்பையும் மாற்றிய பிறகே இணைப்பைத் திரும்பக் கொடுத்தேன். நான்கு மாதமாக ஈவென்ட் வியூவரில் 4101 இல்லை. அப்படியோர் உறவினர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

நீங்கள் விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் கடைசியாகச் சோதித்த கிராபிக்ஸ் டிரைவரை, இரண்டு சிப் உள்ளவற்றுக்கு இரண்டையும் இணையாக, உங்கள் தளத்திலேயே விட்டுவையுங்கள். புதிதாக எதையும் எழுதித் தரும்படி கேட்கவில்லை. எழுதி, சோதித்து, ஒருமுறை வெளியிட்டதை நீக்காதிருக்கும்படிதான் கேட்கிறேன். அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் எந்த விண்டோஸ் பதிப்பில் எப்போது சோதிக்கப்பட்டது, எதை முதலில் நிறுவ வேண்டும் என்ற இரண்டு வரிகளும் இருந்தால் போதும். டிவைஸ் மேனேஜரில் உள்ள ரோல் பேக் பொத்தான் இந்த இடத்தை நிரப்பாது. அது முந்தைய ஒரு பதிப்புக்குத்தான் திரும்பும்; இடையில் இரண்டு முறை டிரைவர் மாறியிருந்தால் நல்ல பதிப்பு கைநழுவிப் போயிருக்கும்.

பழைய டிரைவர்களில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும், அவற்றை நாங்களே பரப்பலாமா என்று நீங்கள் தயங்குவது நியாயமானதே. அந்த அபாயத்தைப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். தெரிந்து முடிவு செய்யும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கும். கோப்பை நீக்குவதால் அபாயம் நீங்குவதில்லை. உங்கள் தளத்தில் கிடைக்காதபோது, யார் ஏற்றியது என்றே தெரியாத இடங்களிலிருந்து மக்கள் டிரைவரை இறக்குகிறார்கள், அதனோடு வேறென்ன சேர்ந்து வருகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. சிப் நிறுவனங்கள் இதில் ஓரளவு முன்மாதிரியாக இருக்கின்றன. என்விடியா தன் கெப்ளர் வகை டெஸ்க்டாப் கார்டுகளுக்கு 2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு புதிய கேம் டிரைவர்கள் வராது என்றும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 செப்டம்பர் வரை வரும் என்றும் முன்கூட்டியே அறிவித்தது. உங்கள் மாடல்களுக்கும் அப்படியொரு தேதியை அறிவித்தால், பக்கம் வெறுமையாவதற்கு முன் எங்களுக்கு வேண்டிய கோப்பை எடுத்து வைத்துக்கொள்வோம்.

உதவிப் பிரிவில் பதில் சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்டோஸை அழித்துத் திரும்ப நிறுவுங்கள் என்பதை முதல் பதிலாகச் சொல்லாதீர்கள். நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன். இரண்டு முறையும் அதே பொது டிரைவர் தானாக ஏறி, இரண்டே வாரத்தில் திரை கறுத்தது. ஈவென்ட் வியூவரில் என்ன எண் இருக்கிறது, டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் தேதியும் பதிப்பும் என்ன, பயாஸ் திரையிலும் கோளாறு தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள். இவற்றைப் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் ஆகாது.

எங்கள் மடிக்கணினியின் முழு மாடல் எண்ணும், இரு சிப்புகளின் அடையாள எண்களும், கோளாறு வந்த தேதிகள் எழுதிய நோட்டுப் புத்தகப் பக்கங்களும், ஒத்துப்போன இரு டிரைவர்களின் பதிப்பு எண்களும் என்னிடம் இருக்கின்றன. அந்த மாடலுக்கான பக்கத்தைத் திரும்ப நிரப்ப நீங்கள் முன்வந்தால் அவை அனைத்தையும் உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மடிக்கணினியை இன்றும் பயன்படுத்திவரும் ஒரு வாடிக்கையாளர்