குருதிக்கொடை முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

முதல் நன்றி விடுதிச் சமையற்கூடத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும். முகாமில் மாணவர்கள் மயங்கிச் சாய்வதற்குப் பெரும்பாலும் வெறும் வயிறு, தூக்கமில்லாத இரவு, ஊசி பயம் ஆகியவையே காரணம். ஒருவர் சாய்ந்தால் வரிசையில் நிற்கும் பத்துப் பேர் மெல்ல நழுவிவிடுவார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே இட்லியை இறக்கிவைத்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டுக் கேட்டு அனுப்பினீர்கள். படுக்கைக்குப் போகுமுன் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் கிடைத்ததும் உங்களால்தான்.

துறைத் தலைவர்களுக்கு நன்றி. படிவம், எடை, இரத்த அழுத்தம், மருத்துவரின் கேள்விகள், படுக்கை, ஓய்வு என்று ஒருவருக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப்பதிவு தரும் அனுமதி) கொடுத்தால் காலையில் நெரிசல், மதியம் காலிப் படுக்கை. துறைவாரியாக, அரை மணிக்கு ஒரு குழு என்று பிரித்துக் கொடுத்தீர்கள்.

வகுப்புப் பிரதிநிதிகளுக்கான நன்றியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எந்தத் துறையில் கொடையாளர் அதிகம் என்று போட்டி வைத்தால் எண்ணிக்கை கூடும், உண்மை குறையும். சமீபத்தில் பச்சை குத்தியவரும் மாத்திரை சாப்பிடுகிறவரும் துறைப் பெருமைக்காக அதை மறைத்துவிடுவார்கள். எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைகள், பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதனை நடக்கிறது. ஆனாலும் தொற்றிய புதிதில் கிருமி சோதனைக்குச் சிக்காத ஓர் இடைவெளி உண்டு. அங்கே நோயாளியைக் காப்பது கொடையாளரின் உண்மையான பதில்தான். போட்டியே வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கில் எழுத முடியாத தலைமைப் பண்பு.

கொடுக்க வந்து திரும்பியவர்களுக்கும் அதே அளவு நன்றி. விரல் நுனியில் எடுத்த துளி, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் மூழ்கினால் தேறியது. மிதந்தால் 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவு, கொடுக்க முடியாது என்று பொருள். மாணவிகள் பலர் இந்த இடத்தில்தான் தடைப்பட்டு நிற்கிறார்கள். அவர்களிடம் "முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், தனியே உட்காரவைத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, என்ன சாப்பிடலாம் என்று விளக்கிய இரத்த வங்கி ஆலோசகர்களுக்கு நன்றி. கொடைக்குத் தேவையான 45 கிலோ எடையை எட்டாதவர்கள் பெயர்ப் பதிவிலும் பழச்சாறு மேசையிலும் கடைசிவரை நின்றார்கள்.

வாயிற்காவலர் ஐயாமாருக்கும் ஓட்டுநருக்கும் நன்றி. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிரிக்க வேண்டுமானால் இரத்தம் சில மணி நேரத்துக்குள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். பிரித்தபின் அவற்றின் ஆயுள் 5 நாள்தான். வண்டி வெளியேறும் வழியில் ஒரு பைக்கைக்கூட நிறுத்த விடாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

கொடுத்த நண்பர்களே, அடுத்த முறை ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் கழித்து. தேவைப்படும்போது உங்களைக் கூப்பிடுவதற்கான இரத்த வகைப் பட்டியலைப் புதிய செயலர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். தேர்வு வாரத்தில் கூப்பிடமாட்டார்கள்.

நன்றியுடன்,
மாணவர் செயலர்கள்,
நாட்டு நலப்பணித் திட்டம்