இல்லை நோட்டு

குன்னூர்

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடுதாசி.

வண்டி ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்த நீ ஸ்பேர் பார்ட்ஸைப் பார்த்துக்கொள்ளும் பார்ட்ஸ் மேனேஜர் ஆகி, சென்னையில் மூன்று நாள் டிரெய்னிங்கில் இருப்பதைப் பக்கத்து வீடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது. முதல் நாளே சரக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்குப் போட வைத்தார்களாமே. வருஷத்தில் 60 லட்சத்துக்கு அடக்க விலையில் சாமான் வெளியே போய், ரேக்கில் சராசரியாக 10 லட்சத்துக்குச் சரக்கு இருந்தால் ஆறு சுற்று. நல்ல கணக்குதான். நான் வேலை பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எங்கள் முதலாளி டப்பாவின் மேல் இருக்கும் தூசியைப் பார்த்தே எது செத்த சரக்கு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு விற்றது மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவனைத் தெரியாது.

ஜீப் பிரேக்குக்கு வீல் சிலிண்டர் கிட் கேட்டு யார் வந்தாலும் "மேட்டுப்பாளையம் போய்ப் பாருங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். வருஷக் கடைசியில் பின் கார்டில், அதாவது ஒவ்வொரு சாமானுக்கும் வரவு போக்கு எழுதும் அட்டையில், பூஜ்யம். "ஒண்ணுகூடப் போகலையே, எதுக்கு வாங்கணும்?" என்பார் முதலாளி. இல்லாத சரக்கு எப்படிப் போகும்? ஒரு ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. அந்தக் கிட் இல்லாமல் ஒரு வாடகை ஜீப் எங்கள் வாசலில் மூன்று நாள் நின்றது. கோத்தகிரி சுற்றிச் சாமான் வந்து சேரும்வரை டிரைவர் அந்தக் குளிரில் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் "இல்லை" என்று எழுதினேன். தேதி, வண்டி, கேட்ட சாமான். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அதே கிட் பதினொரு தடவை வந்திருந்தது. முதலாளி பேசாமல் ஆர்டர் போட்டார்.

உங்கள் சாஃப்ட்வேரில் 'லாஸ்ட் சேல்' (Lost Sale) என்று, கைநழுவிப் போன விற்பனையை எழுத ஒரு கட்டம் இருக்கும். கவுன்ட்டர் பையன்கள் அதைத் தொடமாட்டார்கள். கூட்ட நேரம் ஒரு பக்கம், எழுதினால் மேடம் திட்டுவாங்க என்ற பயம் ஒரு பக்கம். எழுதினதற்காகத் திட்டாதே சாமி. விலை கேட்டுவிட்டுப் போனவனை மட்டும் அதில் சேர்க்க விடாதே, கணக்கு ஊதிப்போகும். "இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல். கம்பெனி பார்ட் நம்பரை மாற்றியிருப்பான். பழைய நம்பரில் தேடி இல்லை என்போம், புது நம்பரில் அதே சாமான் அடுத்த ரேக்கில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பிரேக் ஆயில். திறந்த டப்பாவை மூடி மறுபடி ரேக்கில் வைக்க விடாதே. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதற்கு வைத்திருக்கும் அளவே 140தான். குன்னூர் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தே இறங்குகிறவன் இருக்கிறானே, அவனுக்கு ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. உன் ஷோரூம் கோயம்புத்தூரில் இருந்தாலும் இந்த மலை வண்டிகள் உன்னிடம்தான் வரும்.

அம்மா வர்க்கி கட்டி வைத்திருக்கிறாள். ஊருக்கு வரும்போது நம்ம மாருதி 800-க்கு கிளட்ச் கேபிள் ஒன்று தேடிப் பார். 2014-லேயே நிறுத்திய வண்டி, தெரியும். இங்கே ஒரு கடையில் கேட்டேன், இல்லை என்றான். எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா