கட்டடத் தொழிலாளர் சங்கம்: 2024–2025 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார், சித்தாள், பெயின்டர், கம்பி கட்டும் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நல வாரியப் பதிவும் புதுப்பித்தலும் தடையின்றி நடந்தன. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை மனுக்கள் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தன. மே தினக் கொடியேற்றம் நடந்தது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். அந்த நேரம் பார்த்து யாரும் டீ குடிக்க எழுந்து போக வேண்டாம்.

இந்த ஆண்டு சங்க அலுவலகத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது கோர்ட் விவகாரம்தான். கொலை, கொள்ளை எதுவும் இல்லை. லைசென்ஸ் இல்லாத வண்டி, இன்சூரன்ஸ் முடிந்த வண்டி, கூலி பாக்கி கேட்கப்போன இடத்தில் கைகலப்பு, இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன வழக்குகள்தான் குடும்பத்தைக் கவிழ்க்கின்றன.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் புதிய அபராதம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000, ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000. சைட் இன்ஜினியருக்கும் அதே தொகை, அவருக்குக் கீழே மணல் சலிப்பவருக்கும் அதே தொகை. பின்லாந்தில் 1921-லேயே சம்பாத்தியத்துக்கு ஏற்ற அபராதம் என்ற முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

டைல்ஸ் ஒட்டும் நம் உறுப்பினர் ஒருவர் அபராதம் கட்ட வழியில்லாமல் கட்டிங் மெஷினை அடகு வைத்தார். மெஷின் இல்லாதவரை டைல்ஸ் வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? ஹெல்பராகப் போய்ப் பாதிக் கூலி வாங்கினார். வட்டி ஏறிக்கொண்டே போனது. கோர்ட்டில் கட்டியதைவிட அதற்குப் பிறகு இழந்ததுதான் அதிகம். இத்தனைக்கும், பணம் கட்டத் தவறினால் சிறை என்று சொல்லி வெறும் அபராதம் மட்டும் விதித்தால், 30 நாள் அவகாசமோ இரண்டு மூன்று தவணைகளோ தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 464-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அவர் கேட்கவில்லை, கேட்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களுக்கும், கட்டாவிட்டால் சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் வந்த நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய் வரையுள்ள அபராதத்துக்கு இரண்டு மாதம் வரை, 10,000 வரை நான்கு மாதம் வரை, அதற்கு மேல் ஓராண்டு வரை. இது உச்ச வரம்புதான். பாதிப் பணம் கட்டினால் அந்த அளவுக்கு நாட்களும் குறையும். உள்ளே இருக்கும்போது வீட்டார் பணத்தைப் புரட்டிக் கட்டினால் அன்றே வெளியே வரலாம். இதைச் சொன்னபோது ஒரு தோழரின் மனைவி, "அப்ப பணம் இருக்கிறவன் ஒரு ராத்திரிகூட உள்ள இருக்க வேண்டாம், அப்படித்தானேண்ணே?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான்.

ஜாமீன் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. கண்டிஷன் பெயில் என்றால் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. கான்கிரீட் போடும் நாளில் பத்தரைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் மேஸ்திரி மறுநாள் வரவே வேண்டாம் என்பார். கண்டிஷனைத் தளர்த்த மனுப் போடலாம். அதற்கும் வக்கீல் வேண்டும், ஒருநாள் கூலி போக வேண்டும். வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட். வாரண்டை ரத்துசெய்ய இன்னொரு செலவு.

அடுத்தது சூரிட்டி, அதாவது நமக்காகப் பிணை நிற்கும் ஆள். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு ரத்த உறவில் ஒருவரைக் கொண்டுவா என்கிறார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர் எங்கே போவார்? 1978-இல் மோதி ராம் வழக்கிலும் இதுதான் நடந்தது. அவரும் கொத்தனார்தான். 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட மாஜிஸ்திரேட், தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அவரே எழுதிக்கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடுவிக்க உத்தரவிட்டார். பிணை கொடுக்க முடியாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது: உள்ளூர் சூரிட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கக்கூடாது; ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பார்க்கலாம். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியாவிட்டால், அவரை வசதியற்றவர் என்றே கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறையில் இருக்கும் ஏழைகளுக்காக ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கொண்டுவந்தபோது விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை. தண்டனை பெற்றவரின் அபராதத்துக்கு 25,000 வரை. மாவட்ட அளவிலான குழுதான் முடிவெடுக்கும். நாம் பேசிய குடும்பங்களில் யாரும் இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பதும் அப்படியே. மேஸ்திரிகள் எல்லோரும் 15100 என்ற சட்ட உதவி எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பொதுக்குழு முடிவுக்கு ஒரு விஷயம். அபராதம் கட்ட உறுப்பினர்களுக்குச் சங்கமே வட்டியில்லாக் கைமாற்று தரலாம் என்று பொருளாளர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. நாம் கட்டிக்கொண்டே போனால், இவரால் கட்ட முடியவில்லை என்பது நீதிபதியின் காதுக்கே போகாது. தவணை மனுவும் வராது. மனு எழுத வக்கீலுக்குச் செலவழிப்போம் என்பது என் கருத்து. "மனு விசாரணைக்கு வரும்வரை உள்ளே இருக்கப்போவது நீங்களா?" என்று பொருளாளர் செயற்குழுவில் கேட்டார். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இரண்டையும் தீர்மானமாக முன்வைக்கிறேன். கைதூக்கி முடிவு சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்