மைக்குக்கு முன்னால் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

அம்மா சுகம். மழை தொடங்கிவிட்டது, விதைப்பும் முடிந்தது.

நீ அனுப்பிய ரேடியோ நிகழ்ச்சியை முழுக்கக் கேட்டேன். இங்கே முல்லைத்தீவு முள்ளியவளையில் சனமும் வாட்ஸ்அப்பில் அதை மாறி மாறி அனுப்பிக் கேட்குது. அரசியல்வாதி எவனையும் நம்பாதேங்கோ, அரசாங்கத்தின் கையில் அதிகாரம் கூடக் கூடச் சனத்துக்குத்தான் கேடு என்று நீ சொல்லும்போது எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை பிள்ளைகளைத் தின்றது என்று எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் குந்திய தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். இந்த மண்ணில் நான் பார்த்த எந்த ஆட்சியிலும், ஆள்பவனை ரேடியோவில் ஒருத்தன் உன்னைப்போலக் கேள்வி கேட்டதில்லை. அதனால் உன் வேலை எனக்குப் பெரிசு.

ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய்: “ஊரில் இருக்கிறவை வாக்குப் போட்டும் பிரயோசனமில்லை, கந்தோருக்கு அலைஞ்சும் பிரயோசனமில்லை.” அதை நான் ஏற்கமாட்டேன்.

2025 மார்ச் 28ஆம் திகதி அரசாங்கம் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலை நினைத்துப் பார். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல் காணி. மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி என்று போட்டார்கள். அதற்கு எடுத்த சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1931ஆம் ஆண்டுச் சட்டம். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் இருந்தன. எங்கள் வளவு அதில் விழவில்லை. ஆனாலும் அன்றிரவு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 2009இல் கடைசிச் சண்டை நேரம் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. நந்திக்கடல் தண்ணி பட்டு நொத்தாரிசின் கையெழுத்து ஊதா மையாகப் பரவிக் கிடக்குது. எல்லைகள் எழுதிய பக்கத்தில் வடக்கும் கிழக்கும் வாசிக்கலாம், மற்ற இரண்டும் இல்லை. என்னிடம் இதாவது இருக்கு. பங்கருக்குள் எல்லாவற்றையும் விட்டுவந்த சனம் எதைக் காட்டும்? பாதிக் காணிக்காரர் கனடாவிலும் சுவிஸிலும். அவர்களுக்கு இந்த மூன்று மாதம் நடப்பதே தெரியாது.

அதை நிறுத்தியது எது? சனம் கத்தியது, உண்மைதான். ஆனால் அந்த வர்த்தமானியை வரி வரியாக வாசித்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் சுமந்திரன், அதுவும் முந்தின வருஷத் தேர்தலில் தோற்றிருந்த அரசியல்வாதி. ஜூன் கடைசியில் இடைக்காலத் தடை வந்தது, அரசாங்கம் அறிவித்தலைத் திருப்பி எடுத்தது. அவரை நம்பு என்று நான் சொல்லவில்லை. அவரையும் கேள். ஆனால் எல்லாரும் கள்ளர் என்று ஒரே மூச்சில் தள்ளினால், வேலை செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே கணக்குத்தான். செய்யாதவனுக்கு அது நல்ல வசதி.

வடக்கு மாகாண சபையும் அப்படித்தான். 2013இல் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் எல்லாம். அங்கே என்ன கிழித்தார்கள் என்று நீயும் அந்த நேரம் பேசினாய். இப்போது ஏன் தேர்தல் வைக்கவில்லை என்று ஒரு நாளாவது கேட்டாயா?

2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தையும் ஒருக்கால் வாசி. எழுதத் தெரியாதவள் வாயால் கேட்டாலும் அதிகாரி எழுதி எடுக்கவேணும். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்தச் சட்டத்தைச் சொன்ன பிறகுதான், மாதக் கணக்காக “நாளைக்கு வாங்கோ” என்ற ஒரு கந்தோர் எங்கள் காணியின் விபரத்தைத் தந்தது. உன்னைப்போலவே அந்தக் கந்தோரை அவளும் நம்பவில்லை. நம்பாதபடியால்தான் எழுத்தில் கேட்டாள்.

வருகிற ஞாயிறு ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கு, ராசா. ஊரில் காணி உள்ளவர்கள் உறுதியோ பெர்மிற்றோ எங்கே கிடக்குது என்று தேடி, படம் எடுத்து, இங்கே ஒருவருக்கு அனுப்பட்டும். காணி வழக்குப் பேசுகிற ஒரு சட்டத்தரணியை லைனில் எடு. மாமாவிடம் உள்ள எங்கள் உறுதியின் பழைய பிரதியையும் ஸ்கான் பண்ணி அனுப்பு. தெற்கும் மேற்கும் உள்ள பக்கம் தெளிவாக வேணும்.

அன்புடன்
அம்மா