வார இறுதியில் சென்னையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு என இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால், சென்னைவாசிகளில் பெரும்பாலோர் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் புறப்பட்டுவிடுகிறோம். ஞாயிறு மாலை திரும்பும்போது, போன களிப்பெல்லாம் வாகன நெரிசலிலேயே கரைந்துவிடுகிறது. 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரை நான் குறை சொல்லவில்லை. வார நாளில் ஒருநாள் விடுப்பெடுத்து, வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் பார்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. அப்படிச் செல்வோர், வழியிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயும் முதலைப் பண்ணைக்குத் திங்களும் விடுமுறை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வார இறுதியை நகரத்துக்குள்ளேயே கழிக்கலாம் என்பது என் கருத்து. சனிக்கிழமை விடியலில் மெரினாவில் நடந்து, சாந்தோம் தேவாலயத்தைக் கண்டு, நண்பகலில் நடை சாத்துவதற்குள் கபாலீசுவரரைத் தரிசித்து, மாடவீதியில் காபி அருந்தலாம். அந்தக் காபிக்காகவே போகலாம் என்பவர்களும் உண்டு. சனவரி முதல் மார்ச் வரையிலான வார இறுதி இரவுகளில், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளைத் தேடித் தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். பொதுமக்களும் உடன் செல்லலாம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருப்பார்கள்?

ஒவ்வொரு வெள்ளியும் இத்தகைய இடங்களின் திறப்பு நேரங்களையும் பேருந்து எண்களையும் தங்கள் நாளிதழ் ஒரு பத்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாப்பூர்