தரங்கம்பாடி பழைய ஊருக்குள்ள தமிழ்ல விளக்கப் பலகை வைக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மயிலாடுதுறை மாவட்டம்.

ஐயா வணக்கம்,

நான் சீர்காழி பக்கம். வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் தரங்கம்பாடிக்குத்தான் கூட்டிட்டு வருவேன். வர்ற ஜனம் நேரா டேனிஷ் கோட்டைக்கு போறாங்க, கடல பாத்து செல்ஃபி எடுக்குறாங்க, சுண்டல வாங்கிட்டு அரை மணி நேரத்துல வண்டி ஏறிடுறாங்க, அவங்கள குத்தம் சொல்லி என்ன பண்றது, பக்கத்துலயே இன்னும் என்னென்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் குடுத்து டென்மார்க்காரங்க கட்டுன கோட்டை அது, 1845ல மொத்த ஊரையும் இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டு போனாங்க. நடந்து போற தூரத்துல புது எருசலேம் சர்ச் இருக்கு, 1718ல கட்டுனது, முகப்புல டென்மார்க் ராஜா நாலாம் பிரடெரிக்கோட கிரீடமும் முத்திரை எழுத்தும் இன்னும் அப்படியே இருக்கு, 1706ல இங்க வந்து தமிழ் கத்துக்கிட்டு 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்ச ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவோட கல்லறையும் அதுக்குள்ளதான். அந்த வழியா எத்தன பேர் திரும்பிக்கூட பாக்காம போறாங்க தெரியுமா ஐயா, எனக்கு வயிறு எரியுது. கடல் பாதிய தின்னுட்ட மாசிலாமணி நாதர் கோயில், 1306ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டுனது, டேனிஷ்காரன் வர்றதுக்கு 300 வருஷம் முன்னாடி. ஊர் டேனிஷ்காரனோட ஆரம்பிக்கலங்கறதுக்கு அந்தக் கோயில்தான் சாட்சி, அத மொதல்ல காட்டணும்.

அதனால ஒவ்வொரு கட்டடத்து முன்னாடியும் நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல, வருஷத்தோட ஒரு பலகை வேணும், 1792ல கட்டுன நகர வாசல் கிட்ட ஒரு நடைபாதை மேப் வேணும். லீவு நாள் சாயங்காலம் டூரிஸ்ட் வண்டிங்கள வாசலுக்கு வெளியவே நிறுத்த சொல்லணும், ஆனா உள்ள குடியிருக்கறவங்க வண்டிக்கும் மீன் வண்டிக்கும் தடை போட்டுடாதீங்க, அவங்க பொழப்பு அது. வயசானவங்களும் பொம்பளைங்களும் தயங்காம வர்ற மாதிரி கழிப்பறையும் குடிதண்ணியும் கட்டாயம் வேணும். ஊர்ல படிச்ச மீனவப் பசங்க இருக்காங்க, அவங்களுக்கு கைடு ட்ரெய்னிங் குடுத்தா நாலு காசும் பாப்பாங்க.

தொல்லியல் துறை, பேரூராட்சி எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு பேச உங்களாலதான் முடியும், தயவுசெஞ்சு நடவடிக்கை எடுங்க ஐயா.

இப்படிக்கு,
சீர்காழி வட்டத்து ஊர்க்காரன்