மீனாவுக்கு, பம்பாயில் இறங்கும் முன்

காரைக்குடி

அன்புள்ள மீனாவுக்கு ஆத்தா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உங்க அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலை. டிக்கெட் விவரம் பார்த்தோம். பம்பாய் விமான நிலையத்தில் அடுத்த விமானம் வரும்வரை அவ்வளவு நேரம் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அலுத்துக்கொண்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பேரன் கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடாதே. அந்த இரண்டாம் முனையம் 2014-இல் திறந்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளச் சுவர் முழுக்கக் கலைப்பொருள். ராஜீவ் சேத்தி என்பவர் தேர்ந்து அமைத்தது. ‘ஜய ஹே’ என்று பெயர். பழைய கதவு, சாளரம், மரச்சிற்பம் என்று பல ஊர்ச் சாமான்கள் இருக்கின்றன. அவனைக் கூட்டிக்கொண்டு நட. நம்ம பக்கத்து நிலைக்கதவு ஏதும் கண்ணில் பட்டால் படம் பிடித்து அனுப்பு. இங்கே முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் விலை போன கதவெல்லாம் எந்த ஊரில் நிற்கின்றன என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

கிளம்பும்போது சான் பிரான்சிஸ்கோவிலும் கொஞ்சம் முன்னதாகப் போய்விடு. பன்னாட்டு முனையத்தில், பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே, விமான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதே, காசு கிடையாது. 1930-களில் அங்கே இருந்த பயணிகள் கூடத்தைப் போலவே கட்டியிருக்கிறார்கள். விமான நிலையத்துக்கென்று 1980-லேயே அருங்காட்சியகம் தொடங்கிய ஊர் அது. 1999-இல் அமெரிக்க அருங்காட்சியகங்களின் சங்கம் அதற்கு அங்கீகாரமும் கொடுத்தது. உன் பேறுகாலத்துக்கு வந்து திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டு நான் நகரவே இல்லை, மாப்பிள்ளை மணியைப் பார்த்துப் பார்த்து நின்றார்.

எனக்குச் சாமான் பரப்பத் தெரியும். உன் கல்யாணத்துக்கு வெண்கலம் தனி, பித்தளை தனி, எவர்சில்வர் தனி, மங்குச் சாமான் தனி என்று பட்டாசாலை நிறையப் பரப்பியவள் நான். வந்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், எடையைக் கேட்டார்கள். ஒரு கும்பாவின் விளிம்பு எத்தனை அழகு என்று யாராவது குனிந்து பார்த்தார்களா? அந்த சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நாலே நாலு பொருள், மேலே விளக்கு, பக்கத்தில் யாருடையது, எந்த வருஷம், எதற்கு என்று நாலு வரி. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன்கூட ஒரு நிமிஷம் நிற்கிறான். அருங்காட்சியகத்துக்கு என்று டிக்கெட் வாங்கி வராதவனையும் நிறுத்துகிறது பார், அதுதான் கெட்டிக்காரத்தனம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில், அந்த ஊர்ப் பெரிய அருங்காட்சியகமான ரைக்ஸ் மியூசியம் 2002-லேயே கடவுச்சீட்டுச் சோதனைக்கு அப்பால் ஓவியங்களைக் கொண்டுபோய் மாட்டியதும் இதற்காகத்தான் இருக்கும்.

ஐயா பினாங்குக்குப் போக ரஜூலா கப்பலுக்கு நாகப்பட்டினத்தில் காத்துக் கிடந்தபோது, பார்க்கக் கடலும் கையில் கட்டுச்சோறும்தான்.

இன்னொன்று. மேல்வீட்டுப் பெட்டகத்துச் சாமான்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிடலாம் என்று பங்காளிகள் பேசுகிறார்கள். நம்ம பங்கை நான் கொடுப்பதாக இல்லை. அதற்காக எல்லாவற்றையும் அடுக்கி வைக்கவும் போவதில்லை. முகப்புத் திண்ணைக்கு மேலே ஒரு கண்ணாடி அலமாரி. அப்பத்தாவின் கொட்டான் ஒன்று, பெயர் வெட்டிய வெண்கலப் பானை ஒன்று, மங்குத் தட்டு ஒன்று, அவ்வளவுதான். மாசத்துக்கு ஒருமுறை மாற்றலாம். அப்பச்சியைப் பார்க்க வருகிறவர்கள் அவர் குளித்துப் பூசை முடித்து வரும்வரை பேப்பரையே எத்தனை நேரம் புரட்டுவார்கள்!

ஆசாரியிடம் அலமாரிக்குச் சொல்லிவிட்டேன். நாலு வரி எழுதுவதற்கு நல்ல கெட்டி அட்டையும், ஈரம் பட்டால் கலையாத பேனா ஒன்றும் வாங்கி வா. இங்கே வாங்கியது மழைக்காலத்தில் ஊறிப் பரவிவிடுகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
ஆத்தா